வோல்ட்டா, வாட்டா என்று கேட்ட கிட்டுசாமி

திருப்பூரில் எது கெட்டுப்போனாலும் பழி வோல்டேஜ் மேல்தான். தையல் மெஷினில் நூல் அறுந்தால் வோல்டேஜ். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் வோல்டேஜ். கட்டிங் மாஸ்டருக்குத் தலை வலித்தால்கூட "இன்னைக்கு வோல்டேஜ் சரியில்லீங்களா இசக்கி?" என்று என்னிடம் வந்து நிற்பார். மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாக நான் எலக்ட்ரீஷியன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் வேறு கம்பெனிகள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இந்த இருபத்து நாலு வருஷத்தில் வாட் என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்த ஒரே மனிதர் கிட்டுசாமி அண்ணாச்சிதான்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, ஜெனரேட்டர் பக்கத்தில் இருக்கும் என் அறைக்கு வந்தார். கையில் பனியன் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. கதவைப் பாதி சாத்திவிட்டுப் பிரித்துக் காட்டினார். விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு வேப் மெஷின், அதுதான் எலெக்ட்ரானிக் சிகரெட். குட்டி ஸ்கிரீன், மூன்று பட்டன், மேலே கண்ணாடிக் குப்பி, அதில் கொஞ்சம் எண்ணெய் மாதிரி திரவம்.

"இதுல வோல்ட்டுன்னும் ஒண்ணு இருக்குது, வாட்டுன்னும் ஒண்ணு இருக்குது. ரெண்டுல எதுல வெக்கோணும் இசக்கி?"

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. ஐம்பத்து நாலு வயது ஆள், வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் காலேஜ் பையன்கள் ஒளித்து வைக்கிற சாமான். நம் நாட்டில் இதை விற்கவும் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. மலேசியாவில் இருக்கும் அவருடைய மச்சினன் பொங்கலுக்கு வந்தபோது தைல டப்பாக்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, எதுக்கு இந்த வம்பு? பேசாம சிகரெட்டையே குறைக்கலாம்லா?" என்றேன்.

"குறைச்சுப் பாத்துட்டனப்பா. முடியல. எப்படியாச்சும் சிகரெட்ட உட்டே தீரோணும். நீ வோல்ட்டா வாட்டான்னு மட்டும் சொல்லு."

அந்த அவசரம் எதற்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பஞ்சுத்தூசி பறக்கிற கம்பெனியில் தீப்பெட்டி கண்ணில் பட்டாலே வாட்ச்மேன் கத்துவார், அதனால்தான் இதைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கிட்டுசாமி அண்ணாச்சியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் அவிநாசிப் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் கம்பெனியில் இருபத்தேழு வருஷம். குழந்தைகள் போடும் ஜப்லா, உள்சட்டை, தொப்பி, இதெல்லாம்தான் எங்கள் சரக்கு. எல்லாம் சுத்தமான காட்டன் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறோம். அதற்கு வரும் நூலைச் சோதிப்பது அவருடைய வேலை. ஒவ்வொரு லாட் வந்து இறங்கியதும் ஒரு கோனிலிருந்து ஒரு சாண் நூல் அறுப்பார். குடோனுக்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை, அதன் மேல் ஒரு இரும்புத் தட்டு, ஒரு வாளி மணல். நூலைக் கொளுத்தி, அணைத்து, அந்தப் புகையை ஒரு தடவை மூக்கில் இழுப்பார். காட்டன் என்றால் காகிதம் எரிந்த வாடை வரும். பாலியஸ்டர் என்றால் இனிப்பும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை. முழு பாலியஸ்டரை யாரும் கண்டுபிடித்துவிடலாம், அது உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். பஞ்சோடு கொஞ்சமாகக் கலந்து நூற்றுக் கொண்டுவந்து தள்ளுகிறார்களே, அதைச் சாம்பலில் பார்க்க முடியாது. மூக்குதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை அவர் "நூத்துக்குப் பத்துக் கலப்பு இருக்குதுங்க" என்று சொன்ன நூலை லேபுக்கு அனுப்பினார்கள், ஒன்பது என்று ரிப்போர்ட் வந்தது. அதிலிருந்து ஆர்டரின் முதல் லாட் மட்டும்தான் லேபுக்குப் போகும். மற்றதெல்லாம் அண்ணாச்சி மூக்கை நம்பித்தான். ரிஜிஸ்டரில் 'காட்டன்' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மூட்டை உள்ளே போகும்.

அவர் மேல் எனக்கு ஒரு பொறாமைகூட உண்டு. நான் கையில் டெஸ்டர், மீட்டர், ஸ்குரூடிரைவர் என்று ஒரு பை நிறையச் சுமந்துகொண்டு ஏணி ஏறி இறங்குகிறேன். அந்த மனிதர் மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார்.

மெஷினை வாங்கிப் பார்த்தேன். மேலே குப்பிக்குள் ஒரு சின்னக் காயில். காயிலைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு அந்தத் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும், காயில் சூடானால் திரவம் ஆவியாகும், அதைத்தான் இழுக்கிறார்கள். காயிலின் தடை 1.6 ஓம் என்று ஸ்கிரீன் காட்டியது.

"பாருங்க அண்ணாச்சி. வோல்ட்டுங்கது தள்ளுற பலம். ஓம்ங்கது தடுக்கிற பலம். ரெண்டுக்கும் நடுவுல கடைசியா எவ்வளவு சூடு கெடைக்கோ அதுதான் வாட்டு. வோல்ட்டுல வச்சீங்கன்னா மெஷின் ஒரே பலத்துல தள்ளிக்கிட்டே இருக்கும், காயில் எதுன்னு பாக்காது. வாட்டுல வச்சீங்கன்னா இவ்வளவு சூடு வேணும்னு நீங்க சொல்லுதீங்க, காயிலுக்குத் தக்கன வோல்ட்டை அதுவே ஏத்தி இறக்கிக்கிடும். நம்ம அயர்ன் மாஸ்டர் இருக்காரே, துணிக்கு எவ்வளவு சூடுன்னுதானே பாப்பாரு? செவத்துல எத்தனை வோல்ட் வருதுன்னா பாக்காரு?"

தலையாட்டினார். ஆனால் திருப்பூர்க்காரர் அல்லவா, மனசு கேட்கவில்லை.

"இல்ல இசக்கி, எனக்கு வோல்ட்டுலயே வெச்சுரு. வோல்ட்டு ஆடாம ஒரே மாதிரி நின்னா எந்த மெஷினுக்கும் ஒண்ணும் ஆவாது. எத்தன மோட்டார் புகைஞ்சு போனதப் பாத்திருக்கறோம்!"

இதுதான் இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். ஸ்டெபிலைசர் முன்னால் கும்பிடு போடுகிற ஜனங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கி மோட்டாரைக் காவு வாங்குவதைப் பார்த்துப் பார்த்து, வோல்ட் நிலையாக இருந்தால் உலகமே நிலையாக இருக்கும் என்று நினைப்பு. வாதம் பண்ண எனக்குத் தெம்பு இல்லை. அன்று காலையிலிருந்து இரண்டு தடவை கரண்ட் போய், ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி ஓய்ந்திருந்தேன். நாலு வோல்ட்டில் வைத்தேன். 1.6 ஓமுக்கு நாலு வோல்ட் என்றால் பத்து வாட். அந்தக் காயிலுக்கு அது போதும்.

"காயில் மாத்துனா எங்கிட்ட வந்துருங்க. நடுவுல கருகுன ருசி, கருகுன வாடை தெரிஞ்சுதுன்னா உடனே குறைச்சிருங்க. எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க. வாடையைப் பத்தி நான் போய் உங்களுக்குச் சொல்லணுமாக்கும்!" என்று கேலி செய்தேன்.

அவரும் சிரித்தார். துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஏப்ரல் வெயில், தகரக் கூரை அடுப்பு மாதிரி கொதித்தது. கம்பெனி மொத்தமும் தூங்கி வழிந்துகொண்டே வேலை பார்த்தது. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி மறுபடி என் அறைக்கு வந்தார். இருமிக்கொண்டே வந்தார். குரல் கட்டியிருந்தது.

"இதென்னமோ தொண்டையெல்லாம் எரியுது இசக்கி. வாயெல்லாம் புண்ணு. வோல்ட்டு நாலுலதான் நிக்குது, நான் தொடவே இல்ல. என்னன்னு பாரு."

ஸ்கிரீனைப் பார்த்தேன். நாலு வோல்ட்தான். பக்கத்தில் ஓம் எண் மட்டும் மாறியிருந்தது. 0.8. மச்சினன் யாரிடமோ கொடுத்தனுப்பிய புதுக் காயிலை அவரே மாட்டிக்கொண்டிருக்கிறார். தடை பாதியானால் அதே வோல்ட்டில் சூடு இரண்டு மடங்கு. பத்து வாட் இருபது வாட்டாகிவிட்டது. காயிலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாட் என்று போட்டிருந்தது.

குப்பியைத் திருகித் திறந்தேன். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படி ஒரு வாடை. காயிலுக்குள் பஞ்சு அடுப்புக்கரியாகக் கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி இழுக்கீங்க?"

"ஒரு பத்து நாளிருக்கும்."

"பத்து நாளா? அண்ணாச்சி, கருகிக் கிடக்கே! பஞ்சு தீய்ஞ்ச வாடை இந்த ரூமையே தூக்குது. உங்களுக்கா தெரியலை?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. எரிந்த பஞ்சின் வாடை. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அந்த மனிதருக்கு இருபத்தேழு வருஷமாகச் சம்பளம்.

பழைய மோட்டார் ஒன்று தரையில் கிடந்தது, அண்ணாச்சி அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கொரோனாவுல போச்சப்பா" என்றார். "ரெண்டாவது அலையில. எல்லாருக்கும் போச்சு, ஒரு மாசத்துல திரும்பி வந்துது. எனக்கு வல்ல. நாலு வருஷமாச்சு. அவிநாசில டாக்டரப் பாத்தேன். சிகரெட்ட உட்டாத்தான் வாரதுக்கு ஏதோ வழின்னாரு. அதுக்குத்தான் இந்தக் கருமத்த வாங்குனேன்."

"அப்போ நாலு வருஷமா லாட் பாஸ் பண்ணுதீங்களே, எப்படி?"

தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. எனக்கே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நூலைக் கொளுத்திவிட்டு அண்ணாச்சி பக்கத்தில் போகிறவர்களைக் கூப்பிடுவார். "இங்க வா கண்ணு, இத மோந்து பாத்து என்ன நூலுன்னு சொல்லு பாப்போம்" என்பார். செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் ஜோதிகாவைத்தான் அதிகம் கூப்பிடுவார். அது காட்டன் என்று சொன்னால் "பரவால்லியே, தேறிட்ட" என்பார். வாடை ஒரு மாதிரி இருக்கிறது என்று அது முகம் சுளித்தால், மூட்டை திரும்பிப் போகும். பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறார், நல்ல மனுஷன் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொள்வோம். என்னையும் பத்துப் பதினைந்து தடவை கூப்பிட்டிருக்கிறார். நானும் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி ஆர்வமாக மோந்து பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஒருதடவை "உனக்கு நல்ல மூக்கு இசக்கி" என்று பாராட்டினார், அன்று வீட்டில் போய் அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பச்சப் பிள்ளைங்க போடுற துணி அண்ணாச்சி! வேர்க்குரு காலத்துல பாலியஸ்டர் ஒட்டுனா அது உடம்பு என்னத்துக்கு ஆகும்? நாங்க வெளையாட்டுக்குச் சொன்னதை வச்சு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. இது ஏமாத்துலா?"

"ஏமாத்துதான்" என்றார். "இல்லீங்கல. எம் மூக்குதான் எனக்கு எல்லாம். அது இல்லீன்னா நான் யாரு? மூட்டை தூக்கற வயசா எனக்கு? ஊட்ல கூடச் சொல்லல. அவ மல்லிப்பூ வெச்சுட்டு வந்து நிப்பா, வாசமா இருக்குதும்பேன். கொழம்பு அடிப்புடிச்சிருக்கும், நல்லாருக்குதுன்னு திம்பேன். ஒவ்வொரு லாட் எறங்கறப்பவும் எனக்குக் கால் நடுங்கும் இசக்கி. நாலு வருஷமா ஒரு நாள் நிம்மதியாச் சோறு திங்கல."

இதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மச்சினன் கொடுத்தனுப்பியதில் மிச்சமிருந்த ஒரு காயிலை மெஷினில் போட்டு, வோல்ட்டை மாற்றி வாட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினாலில் வைத்துப் பட்டனைப் பூட்டினேன்.

"வாடை தெரியுறவனுக்கு வோல்ட்டே போதும். ருசி மாறுனா அவனே இறக்கிக்கிடுவான். உங்களுக்கு வாட்டுதான். அளவை நீங்க சொல்லிட்டீங்கன்னா அது தாண்டாது. என்னைக் கேட்டா இதையும் தூக்கிப் போடுங்கன்னுதான் சொல்லுவேன். கருகுன பஞ்சைப் பத்து நாளு உள்ள இழுத்திருக்கீங்க, மூக்கு எங்கிட்டு வரும்?"

வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு ஒத்தாச" என்றார். "நாளைக்கு லாட் வருது. ஜோதிகாவுக்கு ஒரு வாரமாச் சளி, அதுக்கே ஒண்ணும் தெரியாது. நீ பக்கத்துல நின்னுக்க. கலப்பா இருந்தாத் தலைய ஆட்டு, போதும். இந்த ஒரு லாட்டுதான். பெறகு நானே ஆபீஸ்ல சொல்லிப் போடறேன்."

முடியவே முடியாது என்றேன். உங்களுக்கு மூக்காக இருக்க எனக்குச் சம்பளம் தரவில்லை என்றுகூடச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அவர் மெதுவாக எழுந்து, டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

மறுநாள் பதினோரு மணிக்கு நூல் வண்டி வந்து நின்றது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு குடோன் பக்கம் போனேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரு டியூப் லைட் ஒரு மாதமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றுகிற சாக்கில் ஏணி மேல் ஏறி நின்றேன்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன்.

அன்று பார்த்து மேனேஜர் சிவராஜ் சாரும் கூடவே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், முதலாளிக்குச் சொந்தம். யாரையும் ஒரு சுடு சொல் சொல்ல மாட்டார், வாட்ச்மேனைக்கூட வாங்க போங்க என்பார். அந்த வார ஷிப்மென்ட் ஏற்கனவே தாமதம், நிட்டிங் மெஷின்கள் நூல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

"சட்டுனு பாத்துருங்கண்ணா. இன்னைக்கே ஓட்டோணும்" என்றார்.

அண்ணாச்சி நூலை அறுத்தார். கொளுத்தினார். அணைத்தார். வழக்கம்போல மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு தடவை இழுத்தார். அப்புறம் ஜோதிகாவைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து மோந்துவிட்டு, "காட்டன்தாண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனது.

புகை மேலே வந்தது. நான் நின்ற இடத்துக்கு நேராக வந்தது. இனிப்பு. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் இனிப்பு. சந்தேகமே இல்லை, கலப்பு. கொஞ்சம் நஞ்சம் இல்லை, நன்றாகவே கலந்திருந்தார்கள்.

அண்ணாச்சி டியூப் லைட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் சாம்பலைத் தட்டில் தட்டிவிட்டு, "இது கலப்புங்க. திருப்பி அனுப்பிருங்க" என்றார்.

சிவராஜ் சார் சிரித்தார். "அந்தப் புள்ள காட்டன்னு சொல்லுதுங்களே?"

"அதுக்குச் சளிங்க."

"உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரிஞ்சுது?"

சாதாரணக் கேள்விதான். அண்ணாச்சி என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரிஜிஸ்டரை மூடி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "எனக்கு மூக்கு போயி நாலு வருஷமாச்சுங்க" என்றார். "கொரோனாவுல போனது. மறச்சுட்டேன். தப்புத்தானுங்க. என்னைய நிறுத்தறதா இருந்தா நிறுத்திக்குங்க. இந்த லாட்ட மட்டும் லேபுக்கு அனுப்பிப் பாருங்க. கொழந்தைங்க போடறதுங்க."

நான் ஏணியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷன் மேல் முந்தின நாள் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. இப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் தைரியம் வராது என்று நினைத்தேன்.

சிவராஜ் சார் அதிரவில்லை. கோபப்படவும் இல்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார், அவ்வளவுதான்.

"தெரியுமுங்கண்ணா."

"என்னதுங்க?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே தெரியுமுங்க. ஒரு லாட்டு அப்பட்டமாக் கலப்பு. நீங்க காட்டன்னு எழுதியிருந்தீங்க. அப்பவே நெனச்சனுங்க. நீங்க ஒண்ணும் மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. நாங்க உங்கள மாத்தல பாருங்க. எழுதிக் கையெழுத்த மட்டும் போட்டுருங்க, வண்டிக்காரங்க நிக்கறாங்க."

அண்ணாச்சிக்கு அது புரிய நேரமானது. எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. இவர்கள் விலை குறைச்சலாக வாங்குகிற கலப்பு நூலுக்கு மோப்பம் தெரிகிற ஆள் வேண்டாம். கையெழுத்துத்தான் வேண்டும், அதுவும் ஊரெல்லாம் நம்புகிற கையெழுத்தாக வேண்டும். நாலு வருஷமாக இந்த மனுஷன் சோறு இறங்காமல், வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாமல், வருகிற போகிற பிள்ளைகளின் மூக்கைக் கடன் வாங்கிக் காப்பாற்றினாரே, அது ஒருத்தருக்கும் தேவையாகவே இருக்கவில்லை. அவர் திருப்பி அனுப்பிய மூட்டைகள்தான் இவர்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்கும்.

"அப்ப நான் பயந்து பயந்து செத்ததெல்லாம் எதுக்குங்க?" என்றார் அண்ணாச்சி. அதை யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

சிவராஜ் சார், "மூக்கு இல்லீங்கறீங்க, கலப்புங்கறீங்க. யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, மெதுவாக ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

"இசக்கி, நீங்க மேலதான நிக்கறீங்க. உங்களுக்கு ஏதாச்சும் வாடை அடிச்சுதுங்களா?"

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். அப்படியெல்லாம் இல்லை, அப்போதும் இதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் இங்கேதான் படிக்கிறது. ஊரில் எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் வேறு கம்பெனி கேட் முன்னால் போய் நிற்க முடியாது. இதெல்லாம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன் என்றுகூட இல்லை, வார்த்தை தானாக வந்தது.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலை சார்" என்றேன்.

"அவ்வளவுதானுங்களே" என்றார் சிவராஜ் சார். "ஜோதிகா காட்டன்னு சொல்லுது. இசக்கிக்கும் ஒண்ணும் தெரியல. பெறகென்னங்கண்ணா?" ரிஜிஸ்டரைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, அவர் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். 'காட்டன்' என்று எழுதினார். அவருடைய எழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும், அன்றும் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மூடி வைத்தார். மூட்டைகள் உள்ளே போயின.

நான் இறங்கி வந்தபோது அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என்று கூப்பிட்டேன்.

"உடு இசக்கி. பொழைக்கோணுமல்லொ" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, களைத்துப்போன குரல்தான்.

அவர் கம்பெனியை விட்டுப் போகவில்லை. அதே தகரக் கூரை, அதே மேஜை. லாட் வந்தால் நூலைக் கொளுத்துகிறார், காட்டன் என்று எழுதுகிறார். கால் நடுங்குவதில்லையாம், சோறு நன்றாக இறங்குகிறதாம், அவரே சொன்னார். யாரையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வதில்லை. நான் அந்தப் பக்கமாகப் போனால் நிறுத்தி, பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார், டீ வாங்கித் தருகிறார். என்னை இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் அந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு, சில நாள் நூல் எரிந்த புகை எனக்கு நேராக வந்தாலும், கையிலிருக்கும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுகிறேன்.